வரி ஆபீசர் வருகிறார்

"வரி ஆபீஸ்ல வேலையாம். பத்து மணிக்கு உங்கள நேர்ல பாக்க வாராராம்" என்று சொல்லிப் போனை வைத்தாள் எல்ஸி.

அவள் கணவர் லியோனார்ட் லோரிச் சாவியைக் கையில் எடுத்தார். சொந்தமாக லோரி ஓட்டத் தொடங்கியதிலிருந்து அவர் வருமானக் கணக்கே காட்டியதில்லை.

"லோரிய லகாட் ஊர்ப் பக்கம் ஒளிச்சு விட்டுட்டு வரவா?"

"ஒளிச்சா ஆச்சா லா? உள்ளத சொல்லிடுங்க."

வாசலில் கார் நின்றது. இறங்கிய இளைஞன் வாய் திறக்குமுன் லியோனார்ட் கொட்டிவிட்டார்.

"தப்புதான் சார். வர்ற வாடக டீசலுக்கும் டயருக்குமே போயிருது. கணக்கே காட்டல. ஜெயில்ல மட்டும் போட்டுறாதீங்க."

இளைஞன் திகைத்துப்போய், உள்ளே நின்ற மகள் வெண்டியைப் பார்த்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நான் வெண்டியப் பொண்ணு கேக்க வந்தேன்."

லியோனார்ட் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாளைக்கே எங்க ஆபீசுக்கு வந்து நீங்களே சொல்லிடுங்க" என்றான் அவன். "கல்யாணத்த அப்புறம் பேசலாம்."