எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்த கறை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, இருமல் எல்லாம் குறைந்ததா?

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் குழாயடியில் இப்போதே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நேற்று ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளரை இங்கேதான் எவனோ கத்தியால் குத்தினான். ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்த தையல்நாயகி தட்டைப் போட்டுவிட்டு, முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்தாள். இன்று அந்தச் சேலையை அலச வந்தவளைப் பத்துப் பேர் வளைத்து நிற்கிறார்கள். எல்லார் போனிலும், குத்தியதே பொய் என்று சொல்லும் ஒரே வீடியோ. "கத்தியும் இல்ல, குத்தும் இல்ல. ஆரத்தித் தண்ணிய சட்டையில ஊத்திட்டு நாடகம் ஆடிக்கினு இருக்கீங்க. இனிமே இந்தக் குழாயாண்ட வராத," என்கிறாள் எதிர்வீட்டுக் கலைவாணி. "இந்தக் கையாலதான்கா பொத்துனேன். சூடா வந்துது," என்கிறாள் தையல்நாயகி. பட்டுக்குச் சாயம் போடும் வேணுகோபால் பெட்டிக்கடையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறார். "ஆரத்தின்னா மஞ்சளும் சுண்ணாம்பும். புளிப்பு பட்டா செவப்பு போயி மஞ்சளாயிடும். பாருங்கபா," என்று கறையின் மேல் பிழிகிறார். சாறு வழிகிறது. கறை மஞ்சளாகவில்லை, பழுப்பாகவே கிடக்கிறது. "பழம் யார் வாங்கினு வந்தது? இவரும் அந்தக் கட்சிதான?" என்கிறாள் கலைவாணி. போன்கள் எல்லாம் வேணுகோபாலின் முகத்துக்குத் திரும்புகின்றன. தையல்நாயகியின் வாளியைக் காலால் தள்ளிவிட்டு, கலைவாணி தன் குடத்தை வைக்கிறாள்.

உங்கள் தெருவில் இப்படி யார் மாட்டினார்கள்? எழுதுங்கள், படிக்கிறேன்.