கேள்வி எழவில்லை

சட்டமன்ற உறுப்பினர் மங்கையர்க்கரசி அமைச்சரிடம் எழுத்துமூலம் கேட்டார்: "சித்தாழை ஏரியில் ஆலைக்கழிவு கலக்கிறதா? ஆம் எனில், நடவடிக்கை என்ன?"

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: "அப்படி ஓர் ஏரி இல்லை. எனவே, இரண்டாவது கேள்வி எழவில்லை."

பதறி, நேரில் போய்ப் பார்த்தார். லாரி லாரியாக மண்ணைக் கொட்டி ஏரியைத் தூர்த்திருந்தார்கள்.

அடுத்து, கூரை ஒழுகும் பள்ளி ஒன்றைப் பற்றிக் கேட்டார். அதற்கும் "இல்லை" என்றே பதில். போய்ப் பார்த்தால் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

இன்று நாணல்மேட்டிலிருந்து பத்துப் பெண்கள் வந்து கைகூப்பி நின்றார்கள்.

"எங்க ஊருல நூறு குடும்பம் இருக்கும்மா. எங்களப் பத்தி மட்டும் அங்க எதுவும் கேட்டுராதீங்க."

 நாணல்மேட்டுக்குக் குடிநீர் எப்போது வரும் என்ற கேள்வியை அவர் காலையில்தான் பேரவைச் செயலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.