ஜெபப் பெட்டியின் சாவி

"ஐயா, உங்க ஜெபம் வீண் போகலீங்க!" என்று வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார் கொத்தனார்.

போதகர் பேனாவை மூடிவைத்தார். 'அன்றாட வாழ்வில் உண்மை' என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தலைப்பு எழுதிவிட்டு, அரை மணி நேரமாக அடுத்த வரி வராமல் விழித்துக்கொண்டிருந்தார் அவர். எந்த ஜெபம்? யாருக்காக? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"வாங்க, உட்காருங்க. இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"யாரு உடம்புங்கய்யா?"

"பொதுவாத்தான் கேட்டேன்" என்று சமாளித்தார் போதகர்.

"வேலையிலேருந்து நேரா வர்றேன், உடம்பெல்லாம் சிமெண்டு. நான் நிக்கிறேன்யா. போன மாசம் சபையில ஜெபப் பெட்டிக்குள்ள சீட்டுப் போட்டேன்ல, அது பலிச்சிருச்சு! கோவிச்சுக்கிட்டுப் போன என் மக, நாலு வருஷம் கழிச்சு நேத்து வீடு வந்துட்டா. 'அப்பா'ன்னு கூப்பிட்டுட்டாய்யா!"

'பெட்டியில் போடுங்கள், ஒவ்வொரு சீட்டையும் நானே படித்து ஜெபிக்கிறேன்' என்று வாரம் தவறாமல் பீடத்தில் நின்று சொல்பவர் போதகர்தான். அந்தப் பெட்டியின் சாவி தொலைந்து ஐந்து மாதம் ஆகிறது. பூட்டை உடைக்க ஐந்து நிமிடம் போதும். இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தவர், உள்ளே கிடக்கும் சீட்டுகளை மறந்தே போயிருந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. 'நான் படிக்கவே இல்ல, மன்னிச்சிருங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சாட்சி சொல்லப்போறேன். 'எங்க ஐயா ஜெபிச்சாரு, எம் புள்ள வந்தா'ன்னு சொல்லணும்யா."

வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார் போதகர்.

"ஞாபகம் இருக்கு, நல்லா ஞாபகம் இருக்கு. உங்க சீட்டைப் படிச்சப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. தினமும் அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் முழங்கால் போட்டேன்."

தண்ணீர்ச் செம்போடு வந்த அவர் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். சாவியைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டவள் அவள். செம்பை மேசைமேல் வைத்துவிட்டு, கணவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போனாள். போதகருக்குக் காது மடல் சுட்டது. பீடத்தில் ஏறி ஊருக்கு உபதேசம் செய்கிற வாய்தானா இது என்று தன்னையே வெறுத்தார்.

கொத்தனாரின் கண்கள் விரிந்தன.

"படிச்சீங்களா? நெசமாவாய்யா? அதுல என்ன இருந்துச்சு?"

சேற்றில் ஒரு காலை வைத்தாகிவிட்டது. மறுகாலையும் வைத்தார் போதகர்.

"'ஆண்டவரே, என் மகளை எங்கிட்டத் திருப்பிக் கொடும்'னு எழுதியிருந்தீங்களே! எழுத்து கொஞ்சம் கோணல்மாணல்தான். ஆனா ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு தகப்பன் மனசு தெரிஞ்சுது."

கொத்தனார் பொலபொலவென்று அழுதுவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று போதகரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப இதையும் சேர்த்துச் சபையில சொல்லியே தீரணும்யா! எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவங்ககிட்ட எழுதித் தரச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, நீங்க சொன்னீங்களே அதே வார்த்தையை மனசுக்குள்ள சொல்லி, வெறுந்தாளைத்தான் மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டேன். அதைப் போய் எழுத்தெழுத்தாப் படிச்சிருக்கீங்களேய்யா!"