ஐந்து தொன்

"நஜீம், இந்த டபுள் கெப் எவ்வளவு இழுக்கும்?"

"பிறேக் உள்ள ட்ரெயிலர் எண்டால் மூண்டரைத் தொன், அண்ணை."

"அந்தச் சிங்கிள் கெப்?"

"ரெண்டரை. ஜீப்பும் அவ்வளவுதான். வேன் ஒண்டரை. சின்ன லொறி இழுக்கவே கூடாது, அது சுமக்க மட்டும்தான்."

சின்னராசா நெளுக்குளத்து வாகன விற்பனை முற்றத்தை இன்னொரு முறை சுற்றி வந்தார். ஒரே கொம்பனியின் வாகனங்கள் அண்ணன் தம்பிகள் போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் டயரிலும் ஒரு தட்டு, பின்புறத்தைக் குனிந்து ஒரு பார்வை. கண்டாவளையில் மாடு வாங்கப் போனாலும் அவர் இப்படித்தான்.

"ஒரே கொம்பனி. பிறகேன் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கணக்கு?"

"எஞ்சின் மட்டும் இல்லை அண்ணை, பிறேக், கியர் எல்லாம் பார்த்துத்தான் கணக்குக் குடுக்கிறவை. உள்ள ஆக்களை ஏத்தினால் அந்தப் பாரமும் இழுவையில கழியும். இழுக்கிறது பெரிசில்லை, நிப்பாட்டிறதுதான் பெரிசு. சரி, உங்களுக்கு என்னத்தை இழுக்கவேணும்? நெல்லோ?"

சின்னராசா தொண்டையைச் செருமினார். "தேர்."

நஜீம் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பி ஊர் அம்மன் கோயிலுக்குப் பெரிய தேர் செய்து தந்துவிட்டார்கள். இழுக்க ஆளைத்தான் அனுப்பவில்லை. போன வருடம் மேற்கு வீதியில் நின்ற தேர் நின்றதுதான். இருட்டிய பிறகு பக்கத்து ஊர்களில் ஆள் பிடித்து வந்துதான் அதை உள்ளே விட்டார்கள். கோயில் தலைவரான சின்னராசா அன்று அழுதார். இந்த முறையும் அப்படி நடந்தால் தேரைக் கொட்டகையில் பூட்டிவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"கையால இழுக்க எத்தனை பேர் வேணும்?"

"நூறு பேராவது வேணும். ஊரில இப்ப முப்பது தேறாது. எல்லாரும் வவுனியா, கிளிநொச்சி எண்டு வெளிக்கிட்டிட்டினம்."

"அவையளைக் கூப்பிட்டுப் பார்த்தனீங்களோ?"

"ஏன் கூப்பிடவேணும்? தேர் எண்டைக்கெண்டு அவையளுக்குத் தெரியாதோ? வராதவனிட்டைப் போய்க் கெஞ்ச என்னால ஏலாது."

"உழவு மெசின் இருக்குத்தானே?"

"வயலில சேறடிக்கிற மெசினை அம்மாளுக்கு முன்னால கட்டினால் வீட்டில கமலாசனி எனக்குச் சோறு போடமாட்டா. அதுதான் புதுசா, துப்பரவா ஒண்டு. ஒரு நாளைக்குத் தந்தால் போதும். தேர் அஞ்சு தொன். எது இழுக்கும், சொல்லு?"

நஜீம் தன் வாகனங்களை ஒருமுறை பார்த்தான். "தேருக்குப் பிறேக் இருக்கோ?"

"முட்டுக்கட்டைதான்."

"அப்ப ஒண்டும் இழுக்காது, அண்ணை. பிறேக் இல்லாத பாரம் எண்டால் முக்கால் தொன்னுக்கு மேல கொம்பனி விடாது. நான் தரமாட்டன்."

சின்னராசாவுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. ஊரை விட்டுப் போனவர்களில் யார் வாகனம் வாங்கப் புறப்பட்டாலும் "நஜீமிட்டைப் போ" என்று அனுப்பிவைத்தவர் அவர். முன்னால் வைத்த தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து நடந்தார். நஜீம் பின்னால் கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "பிறேக்காம், முக்கால் தொன்னாம்! தன்ர வாகனம் எங்கட சாமியை இழுக்கக்கூடாதெண்டு நினைச்சிட்டான். அதை நேரே சொல்லியிருக்கலாம்."

"வாய்க்கு வந்தபடி கதையாதேங்கோ," என்றாள் கமலாசனி. "வெள்ளத்துக்க எங்கட நெல்லை ஏத்திக்கொண்டு போய்த் தன்ர முற்றத்தில காயவிட்டது ஆர்?"

உண்மையில் தேரை நினைத்ததைவிட அந்த 'தரமாட்டன்' என்ற சொல்லை நினைத்துத்தான் சின்னராசாவுக்கு அதிகம் வலித்தது.

தேர் நாளும் வந்தது. அம்மன் தேரில் ஏறி அமர்ந்த பிறகும் வடம் பிடிக்க முப்பது பேர் சேரவில்லை. கடைசியில் கமலாசனியே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மெசினையே கட்டுங்கோ. அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா."

அவசரமாகக் கழுவி மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்திய உழவு மெசினில் வடத்தைக் கொழுவச் சின்னராசா குனிந்தார். அப்போதுதான் வீதியில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு டபுள் கெப். அதன் பின்னால் சிங்கிள் கெப், ஜீப், வேன், சின்ன லொறி. எல்லாம் நஜீம் விற்கிற அதே கொம்பனி வாகனங்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்துகொண்டே இருந்தன. முன்னால் நின்றதிலிருந்து நஜீம் இறங்கினான்.

சின்னராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்டைக்கு ஒண்டும் இழுக்காது எண்டாய். இப்ப எல்லாத்தையும் கட்டி இழுக்கப் போறியோ? பின்னால ஒரு கொழுக்கிகூட இல்லை!"

"இழுக்காது எண்டு சொன்னது சொன்னதுதான், அண்ணை," என்றான் நஜீம்.

வாகனங்களின் கதவுகள் திறந்தன. வவுனியாவுக்குப் போய்விட்ட கிருசாந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான். கிளிநொச்சியில் குடியேறிய ஜெயரூபி புருசனோடும் பிள்ளைகளோடும் இறங்கினாள். சின்னராசா நஜீமிடம் அனுப்பி வாகனம் வாங்கிய அத்தனை வீட்டாரும், ஏறக்கூடிய அயலட்டைச் சனத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, நேரே வடத்தை நோக்கி நடந்தார்கள்.

"நீங்கள் கெஞ்சமாட்டீங்கள், அதாலதான் நான் கெஞ்சினனான்," நஜீம் சின்னராசாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "என்ர வாகனங்கள் சுமக்க மட்டும்தான், அண்ணை. இழுக்கிறதை இனி உங்கட ஊர் பார்த்துக்கொள்ளும்."