பொட்டு வைத்த இயந்திரக் கை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அரியமங்கலம் பட்டறையில் வெல்டிங் ரோபோ ஒன்று தொழிலாளி ஜெய்சங்கரின் இடது கையை இரும்பு மேசையோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருக்கிறது. ஆள் குறுக்கே வந்தால் பார்த்து நிற்க வேண்டிய அதன் கண்ணாடிக் கண்ணின் மேல், நேற்று அவனோடு வேலை செய்யும் மட்டுவார்குழலி பக்தியோடு அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கின்றன. கரண்டை நிறுத்தியும் இரும்புக் கை இறுகிய இடத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில், மேசை விளிம்பிலிருந்து ரத்தம் ரோபோவுக்குப் போட்ட சாமந்தி மாலையில் சொட்டுகிறது. குழலி சம்மட்டியைத் தூக்குகிறாள். “அய்யோ, உடைச்சிடாதீங்க! கம்பெனி ஆளுக்குப் போன் போட்டிருக்கேன்” என்று முதலாளி பாலமுரளி மறிக்கிறார். “அந்தாளு வர்றதுக்குள்ள இவன் கை போயிடும். தள்ளுங்க சார்!” என்று கத்துகிறாள். “உடைங்கக்கா” என்கிறான் ஜெய்சங்கர், பல்லைக் கடித்தபடி. அவள் இரும்புக் கையின் மூட்டைப் பார்த்து அடிக்கிறாள். பொறி பறக்கிறது. மறுபடி அடிக்கிறாள். மூட்டு பிளந்து, கிரீஸ் பிதுங்கி, இரும்புக் கை தரையில் சாய்கிறது. ஜெய்சங்கர் சிதைந்த விரல்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். குழலி நிறுத்தவில்லை, கண்ணிலும் கழுத்திலும் மாலையிலும் கண்டபடி அடிக்கிறாள். “போதும்க்கா” என்கிறான் அவன். “அதுக்கு வலிக்காது.” சம்மட்டி இன்னொரு முறை இறங்குகிறது.