முதல் பெயர்

வாழை இலையால் மூடிய கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள் கௌதா. வழக்கம்போல வாசலிலேயே மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டு, விருந்தாளிக்குப் பலகாரம் கொண்டுவந்தவள் மாதிரி கூடையைப் பதமாக இறக்கிவைத்தாள்.

நங்கோபி மூச்சை அடக்கிக்கொண்டு இலையை விலக்கினாள். உள்ளே கௌதா வீடு வீடாக வாங்கிவரும் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஊர்க்காரர் ஒருவரின் பெயர், உள்ளே காலைக்கடன்.

"சூடா இருக்கு டாக்டரம்மா. இப்பத்தான்..."

"போதும்க்கா. அதையெல்லாம் வர்ணிக்காதீங்க."

உகாண்டாவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், அந்த நாடும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி. ஏரியில் இறங்குகிறவர்களின் உடம்புக்குள் புகுந்து குடலைக் கெடுக்கும் புழுவுக்குப் புது மாத்திரை. அதைச் சோதித்து முடித்தால் இரண்டு பேருக்கு டாக்டர் பட்டம். உகாண்டாவின் ஜிஞ்சா நகரில் பிறந்த நங்கோபிக்கு ஒன்று, பெல்ஜியத்துப் பையன் யோரிஸுக்கு ஒன்று.

வேலையைப் பங்கு போட்ட லட்சணம்தான் சகிக்காது. மலம் அவளுக்கு, கணக்கு அவனுக்கு. பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் உட்கார்ந்து, சலித்து, கண்ணாடித் தகட்டில் தடவி, புழு முட்டையைத் தேடித் தேடியே அவளுக்கு வருடங்கள் ஓடிவிட்டன. வாழைக்காய் மசியலைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் கூட அந்த வாடைதான்.

யோரிஸ் கௌதா வீட்டு விருந்தறையில் கொசுவலைக்குள் கம்ப்யூட்டரும் தானுமாக இருப்பான். பாட்டில் தண்ணீர் தவிர வேறு குடிக்க மாட்டான். ஏரியை எட்ட நின்று படம் பிடிப்பதோடு சரி. சாமான் அறைப் பக்கம் வந்தால் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வாசலிலேயே நின்று, "எத்தனை முட்டை?" என்று கேட்பான்.

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஊர் முழுக்க முட்டை. கொடுத்த பிறகு ஒரு டப்பாவில் கூட இல்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் எல்லா டப்பாவும் தண்ணீராக வந்து அவளைக் கலங்கடித்தது. முந்தின நாள் கல்யாண வீட்டு மீனைத் தின்றுவிட்டு யோரிஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். ஊருக்கே ஒரே மீன்தான் ஆகவில்லை போலிருக்கிறது என்று சமாதானமானாள்.

இன்றைய டப்பாக்களும் சுத்தம். கை கழுவிக்கொண்டிருந்தபோது பெல்ஜியத்திலிருந்து ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் டெ வில்டே போனில் வந்தார்.

"அபாரம் நங்கோபி! உலகமே திரும்பிப் பார்க்கப் போகுது. கட்டுரையை இந்த வாரமே அனுப்பிடலாம். யோரிஸ் பேரு முதல்ல வரட்டும்."

"சார், முதல் பேர் எனக்குன்னுதானே பேச்சு? அது இல்லேன்னா எங்க யூனிவர்சிட்டியில எனக்குப் பட்டமே கிடையாது."

"புரியுதும்மா. ஆனா எழுதினவன் அவன். நீ செஞ்சது... எப்படிச் சொல்றது, கைவேலை. கடைசியில உனக்கு ஒரு நன்றி போட்டுடலாம். சேர்ந்து செய்யற ஆராய்ச்சியில விட்டுக்கொடுத்துத்தான் போகணும்."

போன் அணைந்தது. கழுவிய கையையே மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள் நங்கோபி.

"என்ன டாக்டரம்மா, முகம் செத்துப் போச்சு?" கூடையை எடுத்துப்போக வந்த கௌதா பதறினாள். "டப்பாவுல பூச்சி கீச்சி வந்துடுச்சா?"

"பூச்சி டப்பாவுல இல்லக்கா. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு பெல்ஜியத்துல உக்காந்திருக்கு!"

நங்கோபி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முதல் பெயர் போனதையும், அதோடு பட்டம் போவதையும் சொல்லும்போது குரல் உடைந்தது.

"நாத்தத்துல கிடந்து செத்தவ நான். பேரு அவனுக்காம். த்தூ! மனுசங்களா இவனுங்க? நீங்களே சொல்லுங்கக்கா, இந்த ஆராய்ச்சிக்கு அந்த யோரிஸ் என்னத்தக் கொடுத்துக் கிழிச்சான்?"

கௌதா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அவரை அப்படிச் சொல்லாதீங்க டாக்டரம்மா, பாவம். அந்த பெல்ஜியத்துப் பெரியவர் இங்க வந்தப்ப ஊர்க் கூட்டத்துல என்ன சொன்னாரு? எல்லார் வயிறும் சுத்தமாயிட்டா ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தர்றேன்னாரு."

"அதுக்கென்ன? சுத்தமாத்தானே ஆயிடுச்சு?"

"எங்கேருந்து ஆகும்? மாத்திரையைத் தின்னுட்டு மறுபடி அதே ஏரியிலதானே இறங்கறோம்? வயித்து வலி இன்னும் விடல. பூச்சி இல்லாத வயிறு இந்த ஊர்லயே ஒண்ணே ஒண்ணுதான். அதான் அவருக்குன்னு கட்டின தனிக் கக்கூஸுல, குழிக்குள்ள ஒரு சட்டியைத் தொங்கவிட்டோம். டப்பாவுக்குப் பட்டாணி அளவு போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நங்கோபி டப்பாக்களின் மேலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அத்தனை டப்பாவும் யோரிஸ் ஐயா கொடுத்ததுதாம்மா."