கடுகுத் தண்ணீர்

"ஒரு வயலையும் விட்டு வைக்கல. வரப்பு வரப்பா ஏறி மண்ணைத் தோண்டுறா. இவ பேச்சைக் கேட்டு நான் கடையை மூடிட்டுப் போகணுமா?"

உழவர் சங்கக் கூட்டத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். இந்தப் பருவத்துக்கும் எல்லா வயலுக்கும் அவரிடமே மருந்து வாங்குவதா, வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாகியாக வேண்டும்.

மண்புழு மேடம் அசரவில்லை. மண் ஆய்வுக்கூடத்தில் வேலை. பட்டப்பெயர் நாங்கள் வைத்தது.

"பத்து வயல்ல வயலுக்கொரு கட்டம் போட்டு, கடுகுத்தூள் கரைச்ச தண்ணியை ஊத்தினேன்."

"புழுவைத் தாளிக்கப் போறியா?" என்றார் கடைக்காரர். ஒரே சிரிப்பு.

"எரிச்சல் தாங்காம புழு தானா மேல வரும், அண்ணே. பத்து வயல்லயும் சேர்த்து வந்தது மூணே மூணு."

அதில் ஒன்றுகூட என் வயலில் இல்லை. மண்ணைத் துளைக்கப் புழு இல்லாததால், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே நிற்கிறது.

"நம்ம மண்ணுவாகே அப்படித்தாம்மா! மருந்து மேல பழியைப் போடாத" என்றார் கடைக்காரர்.

"அதனாலதான் மருந்தே படாத மண்ணைத் தேடி ஒரு மாசம் அலைஞ்சேன். கிடைச்சுது. இதே ஊர், அதே அளவு கட்டம். முப்பத்தெட்டுப் புழு!"

கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"கதை விடாத! என் மருந்து படாத மண்ணு இந்த ஊர்ல ஏது? யாரோட இடம்? சொல்லு பாப்போம்!"

மேடம் தயங்கினார். "பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பாத்தீங்களா? அத்தனையும் பொய்!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதிப் பேர் மருந்துக்குக் கை தூக்கத் தயாராகிவிட்டார்கள்.

மேடம் கொண்டு வந்திருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார். "நம்பலைன்னா போகட்டும். இன்னும் ஒரு வருஷம் தோண்டுறேன். ஆனா வாக்கு மீற மாட்டேன்."

பின்வரிசையில் கடைக்காரரின் மனைவி எழுந்தார்.

"எனக்காக நீ பேச்சு வாங்க வேண்டாம்மா, நானே சொல்லிடுறேன்" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்டுப் பின்னாடி இருக்கிற காய்கறிப் பாத்திதாங்க. நம்ம பிள்ளைங்க சாப்பிடுறது, ஒரு சொட்டு மருந்து படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க?"